கல்யாணம் ஆகாத அழகுபாண்டி

மாமா,

குக்கரில் சோறு இருக்கிறது, ரசத்தைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். வெளியே போனால் சாவியை மாடிவீட்டு பிருந்தா அக்காவிடம் கொடுங்கள்.

திருமங்கலம் மில்லுக்கு இன்று அனுப்பவேண்டிய உங்கள் பயோடேட்டாவைப் பார்த்தேன். அதில் உங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை! அப்படியென்றால் உங்களுக்குச் சோறு பொங்கி வைத்துவிட்டுப் போகும் நான் யாராம்? அப்பா பெயர் இருக்கவேண்டிய இடத்தில் காசிமாயனைக் காணோம், யாரோ சுப்பராமன் இருக்கிறார். பிரவுசிங் சென்டர்க்காரர் வேறு எவருடைய பழைய ஃபைலையோ திறந்து, உங்கள் பெயரையும் படிப்பையும் மட்டும் மாற்றித் தந்திருக்கிறார். அதையே நாலு கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, ஒருத்தரும் கூப்பிடவில்லை என்று மோட்டுவளையைப் பார்த்துப் படுத்திருக்கிறீர்கள். சரிபார்த்தீர்களா என்று நேற்றுக் கேட்டதற்கு, "எல்லாம் பாத்தாச்சுடி, ஒன் சோலியப் பாரு" என்று எம்புட்டுக் கோபம்!

நீங்கள் படிக்கவில்லை என்று சொல்லவில்லை. தெரிந்த விஷயம் என்றால் கண் வேகமாக ஓடிவிடும். தாளில் இருப்பதை விட்டுவிட்டு மனதில் இருப்பதைப் படித்துவிடும். அதனால் கடைசி வரியில் தொடங்கி மேலே வாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஸ்கேலை வையுங்கள். அந்த ஓட்டம் நின்றால்தான் தப்பு கண்ணில் படும்.

திருத்தியதும் பழைய ஃபைலை அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மறுபடியும் அதையே அனுப்புவீர்கள்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்.
அஸ்வினி

செருப்பு மாட்டும்போதுதான் பார்த்தேன்: அதிலுள்ள போன் நம்பரும் உங்களுடையது இல்லை. மாமா, அந்த நாலு பேரும் உங்களை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. கூப்பிட்டிருப்பார்கள், எவனோ எடுத்திருப்பான். எழுந்ததும் நீங்களே அவர்களுக்குப் போன் போடுங்கள்.