அக்காவின் பெயர் இல்லாத ஜெபம்

அப்பா,

மழை பிடித்துக்கொண்ட இந்தச் சாயங்காலத்தில் உங்கள் வேதப்புத்தகத்தைத் திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் நீலகிரித் தைலம் மணக்கிறது. முழங்காலுக்குத் தேய்த்த கையோடு ஜெபத்துக்கு உட்காருவீர்கள், அம்மா திட்டுவாள். பிரேசர் டவுன் முழுக்க ஈர வெளிச்சம். மசூதியில் பாங்கு முடிந்த பிறகுதான் நீங்கள் கண்ணாடியை மாட்டுவீர்கள். என்னை அறியாமல் நானும் அதற்காகக் காத்திருந்தேன்.

குடும்ப ஜெபத்தில் சின்னவனிலிருந்து தொடங்கி ஆளுக்கொரு வசனம் வாசிப்போம். நான், அக்கா, அம்மா, நீங்கள். மனைவி உயிரோடிருக்கும் ஒருவனோடு அக்கா தொம்மலூரில் குடித்தனம் போன பிறகு நாம் மூன்று பேரானோம்.

"விபசாரம் செய்யாதேங்கற ஏழாம் கற்பனைய மீறினவ பேரு இனிமே இந்த ஊட்ல வேணாம்" என்றீர்கள்.

எதிர்வீட்டு நாயின் சொறிக்குக்கூட ஜெபித்தவர் நீங்கள். பெற்ற மகளின் பெயரை விட்டுவிட்டீர்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். எனக்கோ, உண்மையைச் சொல்கிறேன், திருப்தியாக இருந்தது. சபையில் தலைகாட்ட முடியாமல் செய்துவிட்டாளே என்ற கோபம்.

அப்புறம் மத்தேயு சுவிசேஷம் தொடங்கினோம். முதல் அதிகாரம் இயேசுவின் வம்ச வரலாறு, வெறும் பெயர்ப் பட்டியல். சீக்கிரம் முடிந்துவிடும் என்று சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் அந்த அறை, மஞ்சள் பல்பு, உங்கள் குரல், எல்லாம் அரைத்தூக்கத்தில் பார்த்தது போல இருக்கிறது. மூன்றாம் வசனம் உங்களுக்கு வந்தது: மாமனாருக்கே பிள்ளை பெற்ற தாமார். ஐந்தில் அம்மா, வேசியாக இருந்த ராகாபின் பெயரை நிறுத்தி வாசித்தாள். ஆறு மறுபடியும் உங்களுக்கு: உரியா என்ற அடுத்தவனின் மனைவியிடம் தாவீது ராஜா பெற்ற பிள்ளை. அந்த வரியிலேயே உங்கள் விரல் நின்றுவிட்டது. நாம் நான்கு பேராக இருந்திருந்தால் அது அக்காவின் வசனம்.

"என்னாங்க, நின்னுட்டீங்க?" என்றாள் அம்மா.

"பாவத்தையும் மறைக்கல. பட்டியல்ல இருந்து ஆளையும் எடுக்கலியே" என்றீர்கள், யாரிடமோ கேட்பது போல.

அன்று ஜெபத்தில் அக்காவின் பெயர் வந்தது. "அவ செஞ்சது பாவந்தான் ஆண்டவரே. ஆனா எம்புள்ள." அம்மா ஆமென் சொன்னாள். நான் சொல்லவில்லை. நீங்கள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள், ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தனியாகத் தொம்மலூருக்குப் பஸ் ஏறினீர்கள். கூட வா என்று என்னை அழைக்கவுமில்லை.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு ஜெபம் என் பொறுப்பாயிற்று. அக்கா செய்தது தப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். போனில் அவளிடமே சொன்னேன். "தெரியும்டா" என்றாள். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

தினமும் எல்லார் பெயரையும் சொல்லிக் கடைசியில்தான் அவள் பெயருக்கு வருகிறேன். ஆனாலும் சொல்கிறேன் அப்பா. அன்று உங்கள் காதில் விழ நான் சொல்லாமல் விட்ட ஆமெனையும் சேர்த்து.