அப்பா கண்டுபிடிச்ச ஓட்டை

ஓகஸ்ட் 5, செவ்வாய்

சோளகக் காத்து இண்டைக்கு வெள்ளணவே வீசத் தொடங்கீட்டுது. மடிக்கணினி முழுக்கப் புழுதி. எவ்வளவு துடைச்சும் காணாது.

இண்டைய வேலை: அம்மாவின்ரை மருந்து. முட்டை. கிணத்தடி வாளிக்குக் கயிறு. மறுமொழி வந்ததோ எண்டு பாக்கிறது, காலமை மட்டும் பதினொரு தரம்.

வந்திட்டுது! மென்பொருள்காரர் எழுதியிருக்கினம், நான் சொன்ன ஓட்டை உண்மையான ஓட்டைதானாம். மூண்டு கிழமை கிண்டினது வீண் போகேல்லை.

லினக்ஸ் கணினியிலை ஒவ்வொரு செயலியையும் தனித்தனிப் பெட்டிக்குள்ளை பூட்டி வைக்கிற மென்பொருள் அது. பெட்டிக்குள்ளை இருக்கிறது, வெளியிலை இருக்கிற எங்கடை படம், கடிதம் ஒண்டையும் தொடேலாது. ஆனால் ஒரு குறுக்குவழிக் கோப்பை வைச்சு ஏமாத்தினால் தொடலாம். அதைத்தான் நான் பிடிச்சன். நான்! அச்சுவேலியிலை, ஆட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்து அறையிலை இருந்துகொண்டு.

திருத்தின பதிப்பு 13ம் திகதி, புதன். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாதாம். கள்ளருக்குத் தெரிஞ்சால் திருத்த முதலே பூந்திடுவாங்கள். அறிவித்தலிலை கண்டுபிடிச்ச ஆளின்ரை பேரும் வரும்.

எனக்கு அந்தப் பேர்தான் வேணும். நோர்வேக் கொம்பனியோடை ரெண்டு நேர்முகமும் முடிஞ்சுது. "நீங்களே செய்த வேலை ஒண்டை 15ம் திகதிக்கு முதல் காட்டுங்கோ" எண்டு நிக்கினம். வீட்டிலை இருந்தே செய்யிற வேலை. கொழும்பு வேலை போய்ப் பத்து மாசம். இதுவும் போனால், சரி, அதை எழுதேல்லை.

ஓகஸ்ட் 8, வெள்ளி

அம்மா சந்நிதி கோயிலுக்குப் போட்டு வந்தவ. திருநீறு பூசின கையோடை விசாரணை. சிநேகிதி ஒருத்திக்கு நான் போனிலை "புதன்கிழமை சொல்லுறன், அதுவரைக்கும் கேக்காதை" எண்டு சொன்னது காதிலை விழுந்திட்டுது.

"ஆரடி அவன்?"

"ஒருத்தனும் இல்லையெணை."

"அப்ப ஏன் என்னைக் கண்டவுடனை உந்தக் கணினியை மூடுறாய்? புதன்கிழமை என்ன? கலியாண எழுத்தோ?"

சிரிச்சு வயிறு நொந்துபோச்சு. சிரிச்சதுதான் பிழை. அதோடை அம்மா முடிவே கட்டிப்போட்டா. பின்னேரம் அப்பா வந்து பக்கத்திலை இருந்து, தொண்டையைச் செருமி: "ஆராயிருந்தாலும் எனக்கு ஓம் பிள்ளை. குடிக்கிறவனோ எண்டு மட்டும் சொல்லு."

இன்னும் அஞ்சு நாள். கடவுளே.

ஓகஸ்ட் 13, புதன்

மழை இருட்டு. பெய்யேல்லை. மூண்டரைக்குத் திருத்தம் வெளிவந்தது. முதல் ஆளாய் என்ரை கணினியிலை போட்டன். என்ரை பழைய வித்தையைக் காட்டிப் பாத்தன், பெட்டி அசையேல்லை. நல்ல பிள்ளை. அறிவித்தலைத் திறந்து கீழை கீழை போனன்.

கண்டுபிடித்தவர்: சிற்றம்பலம் எம்.

கோதாரி!

அப்பான்ரை பேர். படிவத்திலை பேருக்கு ரெண்டு கட்டம், முதற்பெயர், கடைசிப்பெயர். பள்ளிக்கூடம் தொடக்கம் எல்லா இடமும் சிற்றம்பலம் மைதிலி எண்டுதானே எழுதினது? அப்பா முதல், பிறகு நான். கை தானாய் எழுதிப்போட்டுது. வெள்ளைக்காரருக்கு முதல் நிக்கிறதுதான் ஆள், பிறகு நிக்கிறதுக்கு ஒரு எழுத்துப் போதும். இவ்வளவு நாளும் "அன்புள்ள சிற்றம்பலம்" எண்டு அவங்கள் எழுத, மரியாதைக்காக்கும் எண்டு இருந்திட்டன். மொக்குக் கழுதை.

வீட்டிலை இனிச் சொல்லலாம். சொன்னன். மாப்பிளை இல்லை எண்டதும் அம்மாவுக்கு முகம் விழுந்துபோச்சு. அப்பாவுக்கு விளங்கப்படுத்த அரை மணித்தியாலம்.

"வேலி எல்லாம் வடிவா அடைச்சிருக்கு. ஒரு இடத்திலை மட்டும் பொட்டு, ஆடு நுழையிற ஓட்டை. அதாலை ஆடு வெளியிலை போகுது. அப்பிடித்தானே?"

"ஓம் அப்பா."

"அதிலை என்ரை பேரோ? உலகம் முழுக்கப் பாக்குமோ?"

"ஓம்."

மனிசன் எழும்பிப் போய்ச் சேட்டு மாத்திக்கொண்டு வந்தார். ஏனெண்டு அவருக்கும் தெரியாது.

ஓகஸ்ட் 14, வியாழன்

அப்பா காலமையே போட்டோக்கொப்பிக் கடையிலை அதை அச்சடிச்சுக்கொண்டு போயிட்டார். தண்ணி இறைக்கிற மெசின் திருத்துற அவரின்ரை சந்தையடிக் கொட்டிலிலை, லட்சுமிக் கலண்டருக்குப் பக்கத்திலை ஒட்டியாச்சு. சந்தை முழுக்க அதே கதை. நான் சாப்பாடு கொண்டுபோக, மூண்டு பேர் போனோடை நிக்கினம்.

"சிற்றம்பலம் அண்ணை, உதுக்குள்ளை வைரஸாம். ஒருக்காப் பாருங்கோவன்."

அப்பா கண்ணாடியைப் போட்டு, திருகாணி எங்கை இருக்கு எண்டு போனைச் சுத்திச் சுத்தித் தேடுறார்.

இது நான் செய்தது எண்டு நேற்று அனுப்பின அறிவித்தலுக்குக் கொம்பனிக் கடிதம்: அதிலை உங்கடை பேர் இல்லை, அந்த ஆள் ஆர்? நாளைக்குத்தான் கடைசி நாள்.

மாத்தச் சொல்லி மென்பொருள்காரருக்கு எழுதினால் அப்பான்ரை பேர் போயிடும். அவரை இப்பிடிச் சந்தோசமாய்க் கண்டு எவ்வளவு காலம். எழுதி அழிச்சன், எழுதி அழிச்சன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பொறுக்கேலாமல் கொட்டிலுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிப்போட்டன்.

அப்பா மெசினிலை இருந்து நிமிரேல்லை. "விசரி, உதுக்கோ முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரிஞ்சனீ? கெதியா மாத்து. வேலை போனால் பேரை அவிச்சோ தின்னிறது?"

ஒட்டின கடதாசியைத் தானே உரிச்சார். லட்சுமியும் எப்பன், ஒரு மூலை, கிழிஞ்சுது.

அனுப்பீட்டன். ஒரே ஒரு சொல், மைதிலி. இனி ஒரு குழப்பமும் வேண்டாம்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

நல்ல வெயில். காலமை மாத்திப்போட்டினம், மன்னிப்பும் கேட்டு. கொம்பனிக்குக் காட்டினன். இருபது நிமிசத்திலை மறுமொழி. வேலை எனக்குத்தான்! செப்ரெம்பர் முதலாம் திகதி தொடக்கம்!

துள்ளினதிலை கதிரைக் கால் முறிஞ்சுது. அம்மா சக்கரை போட்டுப் புக்கை பொங்கிறா. "இனி நல்ல இடங்கள் வரும்" எண்டு அடுப்படியிலை இருந்து சத்தம். விடமாட்டா.

அப்பா கிறீஸ் கையைக் கழுவிப்போட்டு வந்து போனை வாங்கினார். வாசிச்சார். கீழை போனார், திரும்ப மேலை வந்தார்.

"சரியாய்ப் போட்டிருக்கிறாங்கள்."

"ஓம் அப்பா."

போனைத் தாறேல்லை.

"முன்னாலை சி எண்டு ஒரு எழுத்தாவது விட்டிருக்கலாம், பிள்ளை."

எழுதிக்கொண்டு இருக்கிறன்: அன்புள்ள ஐயா, மன்னிக்கோணும், திரும்பவும் நான்தான்.