இரண்டு முளைகளும் ஒரே பக்கம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே. இங்கே உடம்புக்கு நானும் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், கலக்கமெல்லாம் மனசில்தான். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று எழுதுகிறேன்.

வயல் நடுவில் இருக்கும் பாறை உனக்கு ஞாபகம் இருக்கும். அது எப்படி வந்தது என்று சின்ன வயதில் நச்சரிப்பாய், எப்போதும் இங்கேதான் இருக்கிறது என்று நானும் உன் வாயை அடைப்பேன். போன மாதம் கல்லூரியில் மண்ணியல் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் வந்து சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, இது மலை உச்சியின் கல் என்றார். பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு பெருமழையில் மலையின் ஒரு பக்கம் அப்படியே பெயர்ந்து வந்து விழுந்த இடம்தான் நம் சமதரையாம். கிணறு வெட்டும்போது முப்பது அடியில் கறுத்துப்போன மரம் கிடைத்ததே, அது அன்றைக்குப் புதைந்த காடாம். அன்று காலையிலும் அங்கே பறவை கத்தியிருக்கும், ஏதோ ஒரு மான் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றிருக்கும், சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கியிருக்கும். அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. சரிவில் மரங்களெல்லாம் அடியில் வளைந்து பிறகு நிமிர்ந்து நிற்கின்றன, இத்தனை நாள் அதை அழகு என்று நினைத்திருந்தேன், அடியில் மண் மெல்ல நகர்வதன் அடையாளமாம் அது. ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருகிறது, மாட்டுக்கொட்டகைக் கதவு மூட மாட்டேன் என்கிறது.

கொட்டகைக்கு மேலே தரையில் ஒரு விரிசல் இருந்தது. உன் அப்பன் நாற்பது வருஷம் நிலம் அளந்தவன், சும்மா இருப்பானா? விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு மர முளை, அந்தப் பக்கம் ஒரு முளை அடித்து, தினமும் காலையில் டேப் வைத்துப் பார்த்தேன். மூன்று வாரம் நூலளவு மாறவில்லை. மலை உங்களைவிடச் சோம்பேறி, அது எங்கே நகரப்போகிறது என்று அம்மா கேலி செய்தாள். கீழ்வீட்டுத் தச்சர் பயந்துபோய்ப் பெண்டாட்டி பிள்ளைகளோடு கிளம்ப மூட்டை கட்டியிருந்தார். நான்தான் போய், அளந்துவிட்டேன், பயமில்லை என்றேன். “நீங்க சொன்னா சரிதாண்ணே” என்று மூட்டையை அவிழ்த்துவிட்டார்.

முந்தாநாள் கன்றைத் தேடிக்கொண்டு இன்னும் மேலே ஏறினேன். புல்லுக்குள் கால் முழங்கால்வரை இறங்கிவிட்டது. விலக்கிப் பார்த்தால் சரிவின் குறுக்கே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வெடிப்பு. உண்மையான விரிசல் அதுதான், நான் அளந்தது அதன் குட்டி. என் இரண்டு முளைகளும் நகரும் மண்ணிலேயே நின்றுகொண்டு சேர்ந்தே இறங்கியிருக்கின்றன, பிறகு இடைவெளி எப்படி மாறும்? என் பேச்சை நம்பி ஒரு குடும்பத்தையே அந்த மண்ணில் உட்கார வைத்துவிட்டேனே. ஓடிப்போய்ச் சொன்னால் தச்சர் சிரிக்கிறார். நீங்கள் அளந்தால் தப்பாகாது, வயதாகிவிட்டது, அதுதான் பயம் பிடித்திருக்கிறது என்கிறார். அன்று மாலையே பெரிய வெடிப்பின் இரு பக்கமும் முளை அடித்தேன். நேற்றுக் காலை பார்த்தால் நான்கு விரல் கூடியிருக்கிறது. டேப்பையெல்லாம் காட்டவில்லை, தச்சரை மேலே கூட்டிப்போய் அவர் கையைப் பிடித்து வெடிப்புக்குள் வைத்தேன். அவர் உடனே இறங்கிப் போய் மறுபடி மூட்டை கட்டினார். மதியத்துக்குள் இரண்டு வீடும் காலி, கன்றும் கிடைத்துவிட்டது. வண்டி ஏறும்போது மட்டும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“எங்க போனா நகராதுண்ணே? நீங்களே சொல்லுங்க.”

இப்போது உன் சித்தி வீட்டு மாடியறையில் இருக்கிறோம், ஜன்னல் வழியாக எந்த மேட்டைப் பார்த்தாலும் அது எப்போது வரும் என்றுதான் தோன்றுகிறது. அடுத்த மாதம் குழந்தையோடு வர டிக்கெட் எடுத்திருக்கிறாய். வராதே. இப்படி ஒரு வார்த்தையை உனக்கு எழுதுவேன் என்று நினைத்ததே இல்லை. பார்த்தால் அம்மா அந்த வார்த்தையை அடித்துவிடச் சொல்வாள், அதனால் அவளிடம் காட்டாமல் உறையை ஒட்டுகிறேன். குழந்தையை வெயிலில் விடாதே, வேளைக்குச் சாப்பிடு. மூவரும் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும்.

உன் அப்பா