உதவி நிதிக்கு இரண்டாம் மனு

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம், உன் அம்மாவின் முழங்காலையும் சமையலறைக் குழாயையும் தவிர. இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, ஏனென்றால் போனில் எப்போது கேட்டாலும் "சாப்டேன்பா" என்று ஒரே மாதிரி சொல்கிறாய், டேப் ரிக்கார்டர் தோற்றுவிடும். வாராவாரம் பேசுகிறோமே, இந்த மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நினைப்பாய். போனில் சொல்லத் தைரியம் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக வாய் வரைக்கும் வந்ததை மென்று முழுங்கிவிட்டேன். எழுத்து என்றால் நீ நடுவில் குறுக்கிட முடியாது, நானும் பேச்சை மாற்ற முடியாது.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்தாள். அவள் பெண்ணுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, மாமா எப்ப வருவார் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பெரியவர்கள் நாங்கள் இரண்டு வருஷம் தடுமாறியதை அந்தக் குழந்தை, சித்தி என்பதை மாமா என்று மாற்றிக்கொண்டு, ஒரு மத்தியானத்தில் பழகிக்கொண்டது. நான் எட்டு மாதம் உன்னோடு சரியாகப் பேசாமல் இருந்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அதை நீ ஒரு தடவை கூடக் குத்திக் காட்டவில்லை. காட்டியிருக்கலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்துவிட்டது, மூன்றில் இரண்டு பங்கு சேர்த்துவிட்டேன் என்று நீ சொன்ன அன்று, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். எப்படிப்பா என்று கேட்டாய். அதெல்லாம் இருக்கு என்றேன். உண்மையில் கையில் ஒன்றும் இல்லை. நீ பகலில் பார்சல் கிடங்கில் மூட்டை தூக்கி, சனி ஞாயிறில் ஓட்டலில் பாத்திரம் கழுவி, உன்னைப் போன்ற பிள்ளைகள் நடத்தும் சங்கத்தில் விண்ணப்பம் போட்டு, அங்கே கிடைத்ததையும் சேர்த்து, இவ்வளவு தூரம் தனியாக வந்திருக்கிறாய். போன தடவை வந்தபோது மார்பை அமுக்கி மறைக்கிற அந்த இறுக்கமான உள்சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்திருந்தாயே, அம்மா போர்வை போர்த்த வந்தவள் உன் விலாவில் இருந்த தடத்தைப் பார்த்துவிட்டு சமையலறையில் போய் நின்றுகொண்டாள். பன்னிரண்டு மணி நேரம் அதை மாட்டிக்கொண்டு மூட்டை தூக்குகிறான், மூச்சு எப்படி விடுகிறான் என்று என்னிடம் கேட்டாள்.  அதனால்தான் அன்று போனில் அப்படி வாயை விட்டேன்.

எங்கள் பஸ் பணிமனையில் உதவி நிதி ஒன்று இருக்கிறது, உனக்குத் தெரியும், சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பார்கள். இருபத்து மூன்று வருஷமாகக் கட்டுகிறேன், ஒரு தடவையும் கேட்டதில்லை. மனு கொடுத்தால் மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஷிப்டு மாறும் நேரத்தில், பஸ் கழுவும் இடத்தில் எல்லோரையும் நிற்கவைத்து உரக்க வாசிப்பார்கள். யாருக்கு, எதற்கு, எவ்வளவு. மறுப்பு இல்லையென்றால் அந்த வாரமே காசோலை. ஒருவர் மறுத்தால் கை தூக்கச் சொல்லி எண்ணுவார்கள். மூடி மறைக்க இடமில்லை, எல்லோர் காசும் அதில் இருக்கிறது, அதனால் அப்படி வைத்தார்கள். நிதிக்குச் செயலாளர் எங்கள் ஸ்டோர் கீப்பர். அவரிடம் போய், பிள்ளைக்கு மார்பில் ஆபரேஷன் என்றேன். அது வரைக்கும் உண்மைதான். என்ன பிரச்சினை என்று கேட்டார். அங்கே நான் நின்றேன். பின்னால் இரண்டு பேர் உதிரி பாகம் வாங்க வரிசையில் நின்றார்கள். என் வாயிலிருந்து "கட்டி" என்ற ஒரு சொல் வந்தது. யோசித்துச் சொல்லவில்லை, ஆனால் வந்ததைத் திருப்பி எடுக்கவும் இல்லை. அவர் முகம் மாறிவிட்டது, மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, படிவத்தை அவரே எழுதினார். மகளுக்கு என்று எழுதினார். அதையும் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

திங்கட்கிழமை வாசித்தார்கள். ஒருத்தரும் மறுக்கவில்லை, அந்த வாரமே காசோலை கைக்கு வந்தது. அன்றிலிருந்து அந்தப் பணிமனையில் எனக்குக் கிடைத்த மரியாதையை நீ பார்த்திருக்க வேண்டும், பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பாய். கேன்டீன் அம்மா டீக்குக் காசு வாங்கவில்லை. பஸ் கழுவுகிறவர்கள் தங்களுக்குள் வசூல் செய்து ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார்கள், என்னைவிடக் குறைந்த சம்பளம் வாங்குகிறவர்கள். பிரேக் வேலையில் நான் ஒரு நட்டை மறந்ததைக் கூட மேஸ்திரி சத்தம் போடாமல் அவரே முடுக்கிவிட்டுப் போனார். எனக்கோ சாப்பாடு இறங்கவில்லை. இருந்தாலும் உன் தேதியை நினைத்துக்கொண்டு, யார் குடியையும் கெடுக்கவில்லையே, பிள்ளைக்காகத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதற்கப்புறம் வெல்டர் வந்தார். நம் வீட்டு கேட்டைச் சரி செய்து கொடுத்தாரே, அந்த அதிகம் பேசாத மனுஷன். அவர் மனைவி நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே மார்புப் புற்றுநோயில்தான் போனார். பஸ்ஸுக்கு அடியில் குழிக்குள் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், மேலே வந்து உட்கார்ந்து ஒரு துணிப்பையை நீட்டினார். உள்ளே ஆறு பருத்தித் துணிகள், தலையில் கட்டுகிறவை, துவைத்து இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தார். "மருந்து ஏத்தினா முடி கொட்டும். மத்த துணியெல்லாம் தலை அரிக்கும், இது அரிக்காது. அவ கட்டினது. உங்க பொண்ணுக்குக் குடுங்க" என்றார். நான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டேன், பார்த்துக்கொள். என் ஐம்பத்தாறு வருஷத்தில் அதைவிடக் கேவலமான காரியம் ஒன்றை என் கை செய்ததாக ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்து பையைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்தேன். அம்மாவுக்கு அதுவரை எதுவும் தெரியாது, நிதியில் கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். ஒவ்வொரு துணியாக எடுத்துப் பார்த்துவிட்டு அதே மடிப்பில் திரும்ப வைத்தாள். "நாளைக்குக் காலையில இது அவர் கையில இருக்கணும். உங்களால முடியலேன்னா நான் பஸ் பிடிச்சுப் போய்க் குடுப்பேன்" என்றாள். அவ்வளவுதான். 

மறுநாள் வெல்டரைத் தனியாக அழைத்துப்போய் நடந்ததைச் சொன்னேன். கட்டி இல்லை, நோய் இல்லை, என் பிள்ளை ஆண், பிறந்தபோது எங்களுக்குத் தெரியவில்லை, அவனுக்குத் தெரிந்திருந்தது, அந்த உடம்போடு அவன் படும் பாடு இது, டாக்டர்கள் பார்த்துச் சொன்ன ஆபரேஷன் இது என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். உன் சமாச்சாரத்தை உன்னைக் கேட்காமல் வெளி மனுஷரிடம் சொன்னது தப்பு. அதற்கு முதலில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் பையை வாங்கிக்கொண்டார்.  முகமூடியை இறக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். நான்கு நாள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஐந்தாம் நாள் குழியின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, அந்த ஆபரேஷன் ரொம்ப வலிக்குமா என்று கேட்டார். சில வாரம் கையைத் தூக்க முடியாது என்று நீ சொன்னதைச் சொன்னேன். அப்புறம் சொன்னார், "நீங்க சொன்ன பொய்ய நான் மறக்க மாட்டேன். அவ பட்ட கஷ்டத்தக் கடன் வாங்கிட்டீங்க. ஆனா பொய் சொன்னது நீங்க, பையன் இல்ல." பையன் என்று அவர் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிரீஸ் கையால் துடைத்துக் கண் எரிந்ததில் அழுததாகத் தெரியாமல் போயிற்று.

அன்றே காசோலையை எடுத்துக்கொண்டு ஸ்டோர் கீப்பரிடம் போனேன், நல்லவேளை வங்கியில் போடவில்லை. கழுவுகிறவர்கள் கொடுத்த உறையையும் பிரிக்காமல் அவர் மேஜையில் வைத்தேன். தவறான தகவல் கொடுத்துவிட்டேன், நோய் கிடையாது, ஆபரேஷன் மட்டும் உண்மை, மீதியைச் சொல்ல என் பிள்ளையின் சம்மதம் வேண்டும் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார், கண்ணாடி தேய்ந்துவிடும் போலிருந்தது. பிறகு விதிப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் திருப்பி வைத்தார். உறுப்பினரின் பிள்ளைக்கு மருத்துவர் எழுத்தில் பரிந்துரைத்த சிகிச்சை, அவ்வளவுதான் இருந்தது. நோய்ப் பட்டியல் எதுவும் இல்லை. நீங்கள்தானே என்ன பிரச்சினை என்று கேட்டீர்கள் என்றேன். "பழக்கத்துல கேட்டேங்க. சொல்ல விருப்பமில்லன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன்" என்றார். இருபத்து மூன்று வருஷம் பணம் கட்டியவன் அந்தப் புத்தகத்தை ஒரு நாள் பிரித்துப் பார்க்கவில்லை. கேட்பதற்கு முன்னாலேயே எல்லோரும் இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். உன் விஷயத்தில் முதலில் இல்லை என்று சொன்னது நான்தானே, அதனால் ஊரே அப்படித்தான் என்று நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

இப்போது நிலைமை இது. புது மனு கொடுக்கலாம். ஆனால் முதல் மனுவில் பொய் இருந்ததால், இந்தத் தடவை அது ஏன் திரும்பப் பெறப்பட்டது என்பதையும் சேர்த்து எல்லோர் முன்னாலும் வாசித்தாக வேண்டும், மழுப்ப முடியாது என்று ஸ்டோர் கீப்பர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அது நியாயம். அறுபது பேர் நிற்பார்கள், சிலர் உன்னைச் சின்ன வயதில் பார்த்தவர்கள். பெயின்டர் மறுப்பார் என்று நினைக்கிறேன், காசோலையும் உறையும் திரும்பிப் போனது தெரிந்து, பொய் சொன்னவனுக்கு எதற்குப் பணம் என்று ஏற்கெனவே பேச ஆரம்பித்துவிட்டார். கை தூக்கி எண்ணும்போது எந்தப் பக்கம் விழும் என்று சொல்லத் தெரியவில்லை. வெல்டரிடம் கேட்டேன், வருவேன், பேச மாட்டேன் என்றார்.

அதனால் கேட்கிறேன். இது உன் உடம்பு, உன் வாழ்க்கை. ஒரு தடவை உன்னைக் கேட்காமல் பொய் சொன்னேன், இன்னொரு தடவை உன்னைக் கேட்காமல் உண்மையைச் சொன்னேன். மூன்றாம் தடவை கேட்காமல் வாயைத் திறக்க மாட்டேன். வேண்டாம் என்று நீ சொன்னால் அதோடு சரி, ஏன் என்று கூடக் கேட்க மாட்டேன். பைக்கை விற்கிறேன், செயின் சத்தத்தைக் கேட்டே புரோக்கர் பாதி விலைக்கு இறங்கிவிட்டான், இருந்தாலும் விற்கலாம். கூடுதல் ஷிப்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அது சேர ஆறு மாதம் ஆகும், உன் தேதி கைவிட்டுப் போகும். அந்த ஆறு மாதம் உனக்கு எப்படி இருக்கும் என்பது எனக்குப் புரிகிறது என்று சொல்ல மாட்டேன். புரியாததைப் புரிந்த மாதிரி நடித்தது போதும்.

சரி என்று சொன்னால், மருத்துவர் கடிதத்தை உன் பெயரில், நீ வைத்துக்கொண்ட பெயரில், வாங்கி அனுப்பு, இருபதாம் தேதிக்குள் வந்தால் அடுத்த மாத முதல் திங்கட்கிழமைக்குச் சேர்த்துவிடலாம். அவசரப்பட்டுப் பதில் சொல்லாதே, நண்பர்களிடம் கலந்துகொள். எது சொன்னாலும் ஆபரேஷன் நடக்கிற அன்று அம்மா உன்னோடு இருப்பாள், வேலை பார்க்கிற இடத்தில் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள், நானும் ஒரு வாரம் வருகிறேன், தலை சீவிவிடவாவது ஆள் வேண்டுமே. அதுவரைக்கும் மூட்டை தூக்கும்போது அந்த உள்சட்டையைக் கொஞ்சம் தளர்த்திப் போடு, மூச்சு வாங்கினால் உட்கார். நீ நீண்ட ஆயுளோடு, நிமிர்ந்த நெஞ்சோடு, யாருக்கும் ஒளியாமல் வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. மனுவை எப்போதும் செயலாளர்தான் வாசிப்பார், இதை மட்டும் நான் வாசிக்க அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன். நீ சரி சொன்னால் வேண்டியிருக்குமே என்று நேற்று சாப்பாட்டு நேரத்தில், பணிமனையில் யாரும் இல்லாதபோது, குழிக்குள் நின்று ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். பொய் சொன்னேன் என்ற இடத்தில் குரல் தடுமாறியது. என் மகனுக்கு என்ற இடத்தில் தடுமாறவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா