சம்பந்தியம்மாவின் ஒரே கேள்வி

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஃபோனில் நீ எந்தத் திரையையோ பார்த்துக்கொண்டு ‘ம்’ கொட்டுகிறாய். கடிதத்துக்கு ‘ம்’ கொட்ட முடியாது, படித்துத்தான் ஆகவேண்டும்.

நீ கேட்ட என் ஓய்வுக்காலப் பணத்தைப் பற்றிக் கடைசியில் எழுதியிருக்கிறேன். அதை மட்டும் தேடிக் கீழே தாவாதே.

முதலில் உன் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கிளினிக், மாடி வீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பல் பிடுங்கிச் சம்பாதித்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் பங்குச்சந்தை கொடுத்ததாம். கல்யாணமான புதிதில் வாங்கிய சில பங்குகளை இன்றுவரை விற்கவே இல்லை. இத்தனை வருடம் சம்பந்திகளாக இருந்து, சேர்ந்து சாப்பிட்டு, ஒரு வார்த்தை வெளியே வந்ததில்லை. நிறைகுடம் தளும்பாது என்று சும்மாவா சொன்னார்கள்?

பங்குச்சந்தை பற்றிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் கிளினிக்கில் போய் நின்றபோது, இந்த வயதில் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. “உக்காருங்க சம்பந்தி. வாயை மூடிக்கிட்டு கவனிச்சா போதும்” என்றார். அந்த அறையில் வேறு யாரிடமும் அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்!

அதிலிருந்து அடிக்கடி சாயங்காலம் போய்விடுகிறேன். “இருக்கிறதே நாலு பல்லு, அதுக்கு இத்தனை தடவை டாக்டரா?” என்று அம்மா கேலி செய்கிறாள்.

அவர் வேலை செய்கிற அழகை நீ பார்க்க வேண்டும். பல் பிடுங்க வந்தவருக்கு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அது பிடிக்கும்வரை பக்கத்து அறைக்கு வந்து ஏதாவது கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படிப்பார். முதலில் எடுப்பது பழைய வருடத்து அறிக்கையை. முதலாளி அன்றைக்கு என்ன செய்வதாகச் சொன்னார் என்று பார்த்துக்கொண்டு, அதைச் செய்தாரா என்று புது அறிக்கையில் தேடுவார். “லாபத்தை அப்புறம் பாக்கலாம். மொதல்ல ஆளு சொன்ன சொல்லுல நிக்கிறாரான்னு பாக்கணும்” என்பார். ஊசி பிடித்ததும் அறிக்கையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போவார். இந்த அறையிலும் பதற்றமில்லை, அந்த அறையிலும் பதற்றமில்லை. பதறாத காரியம் சிதறாது என்பதை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

பத்து வருடம் தொடத் தேவையில்லாத பணத்தை மட்டும்தான் போடவேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. கடன் வாங்கிப் போடுவது என்ற பேச்சே கூடாது. யாரோ காதில் சொன்னார்கள் என்று வாங்கக்கூடாது. எனக்கு அவர் கொடுத்த முதல் பாடம் என்ன தெரியுமா? ஒரு லிஃப்ட் கம்பெனியின் பெயரைச் சொல்லி, “இது உங்க தொழில். நீங்க சொல்லுங்க” என்றார். ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் அல்லவா, எனக்குக் குஷி பிறந்துவிட்டது. அந்தக் கம்பெனி லிஃப்ட் ஓடுகிற கட்டடமாகத் தேடித் தேடிப் போனேன். பழுதானால் ஆள் எப்போது வருகிறான், உதிரிபாகம் உடனே கிடைக்கிறதா, மெக்கானிக்குகளுக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று காவலாளிகளிடமும் பழைய சகாக்களிடமும் விசாரித்தேன். ஒரு கட்டடத்தில் என்னைத் திருடன் என்று நினைத்து உட்கார வைத்துவிட்டார்கள். அதை அம்மாவிடம் சொல்லாதே.

விசாரித்ததை எல்லாம் சொன்னேன். நோயாளியைக் கவனிப்பது போலவே கவனித்துக் கேட்டார். அப்புறம்தான் இருவரும் கொஞ்சம் வாங்கினோம். என் பேச்சை நம்பி அவரும் வாங்கினார்! அன்றைக்கு நான் நடந்து வந்த மிடுக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

வாங்கிய கொஞ்ச நாளில் சந்தை தலைகுப்புற விழுந்தது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி கிடக்கிறார், நானும் அதே கோலத்தில் வாசலில் நிற்கிறேன். அவர் தலையைத் தூக்காமலே ஒரே ஒரு கேள்வி கேட்டார். “கம்பெனி மாறிடுச்சா, விலை மட்டும்தான் இறங்கிச்சா?”

யோசித்துப் பார்த்தேன். லிஃப்ட் ஏறி இறங்குவதால் கட்டடம் ஆடிவிடுமா? விலை மட்டும்தான் என்றேன். “அப்போ வீட்டுக்குப் போய்த் தூங்குங்க” என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே அவர் இன்னும் கொஞ்சம் வாங்கியதாகப் பிறகு தெரிந்தது.

எதையும் விற்காத ஆள் என்று நினைத்துவிடாதே. இன்னொரு கம்பெனியின் முதலாளி கணக்கில் பொய் சொல்கிறார் என்று தெரிந்த அன்றே, பெரிய நஷ்டத்தில் அதை விற்றார். விலை கொஞ்சம் ஏறட்டுமே என்றேன். “சொத்தைன்னு தெரிஞ்ச பிறகு வலிக்குமேன்னு தள்ளிப்போட்டா பக்கத்துப் பல்லும் போகும் சம்பந்தி. நஷ்டம் எப்பவோ நடந்தாச்சு. ஒத்துக்கிறதுதான் பாக்கி” என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. எவ்வளவு பெரிய மனுஷி!

மகனே, இனி உன் விஷயம். உன் ஃபோன் அணைந்திருந்த ஒரு நாள், பயந்துபோய் உன் ஆபீஸுக்குக் கூப்பிட்டேன். நீ வேலையை விட்டு வெகுநாள் ஆகிறது என்றார்கள். காலையில் வாங்கிச் சாயங்காலம் விற்கிற வியாபாரம் என்று நீ சொன்னதும், விட்டதைப் பிடிக்க என் பணம் வேண்டும் என்றதும், மருமகளிடம் மூச்சுவிடாதீர்கள் என்றதும் அப்போதுதான் எனக்கு ஒன்றாகச் சேர்ந்து புரிந்தன. தினமும் டிபன் பாக்ஸோடு எங்கேதான் போய் உட்காருகிறாயோ என்று நினைத்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் பங்கு கற்றுக்கொள்ளப் போனது பணம் பண்ண அல்ல. நீ விழுந்த கிணறு எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் கயிறு விடத் தெரியவில்லை. அதற்காகத்தான் போனேன்.

போன வாரம் கிளினிக்கில் கடைசி ஆளும் போனபிறகு, கையைக் கழுவிக்கொண்டே உன் மாமியார் சொன்னார்: “நீங்க கேக்கிற கேள்வி எதுவும் உங்களுக்காகக் கேக்கிற மாதிரி இல்லையே. மாப்பிள்ளையா?” எனக்கு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாது. சொல்லிவிட்டேன். என் மேல் கோபித்துக்கொள், பரவாயில்லை.

அவர் சத்தம் போடவில்லை. துண்டில் கையைத் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். அவருடைய மகள் வாழ்க்கை அல்லவா? உடனே ஃபோனை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. “எம்பொண்ணுகிட்ட நான் சொல்ல மாட்டேன். அதை மாப்பிள்ளைதான் சொல்லணும்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார்.

“ஆள் மாறிட்டாரா, விலை மட்டும்தான் இறங்கியிருக்கா?”

விலை மட்டும்தான் என்றேன். லிஃப்டுக்கு யோசித்த அளவுகூட யோசிக்கவில்லை. அவர் தலையசைத்துவிட்டு விளக்கை அணைத்தார்.

நீ கேட்ட பணத்தை அனுப்பமாட்டேன். ஆனால் நீ மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்ன மறுநாள் அவளை எனக்கு ஒரு ஃபோன் செய்யச் சொல். அன்றிலிருந்து உனக்கு வேலை கிடைக்கும்வரை வீட்டு வாடகை என் பொறுப்பு. இங்கேயே வந்துவிடுவதானாலும் உன் அறை அப்படியேதான் இருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கச் சொன்னாள்.

நீ நன்றாக இருப்பாய். உன் மாமியார் யார் பேச்சையும் லேசில் நம்புகிறவர் இல்லை. என் பேச்சை இரண்டு தடவை நம்பியிருக்கிறார். லிஃப்ட் கம்பெனி என்னைக் கைவிடவில்லை. நீயும் கைவிட்டுவிடாதேப்பா.

என்றும் உன் பக்கம் நிற்கும்,
அப்பா