மூன்றாம் கவுண்டரில் ஒரு கைப்பை

என் வீட்டு அதிகாரிக்கு,

நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நேற்று நீ மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியோடு உன் ஆபீசுக்கு வந்தேன். உன் இடம் எதுவென்று இத்தனை வருடத்தில் கேட்டதில்லை. விசாரிக்கலாமென்று பிறப்புச் சான்றிதழ் வரிசையில் நின்றேன். கவுண்டரில் ஆள் இல்லை. நாற்காலியில் ஒரு கைப்பை மட்டும்.

"பையை வச்சுட்டு வீட்டுக்குத் தூங்கப் போயிருப்பாங்க" என்றார் முன்னால் நின்றவர்.

"சாயங்காலம் பையை எடுக்க வருவாங்க" என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்புறம்தான் பையின் வாரில் அந்த ஊக்கைப் பார்த்தேன். காலையில் நான் மாட்டிக்கொடுத்த ஊக்கு.

பின்னறையிலிருந்து நீ வந்தாய். தலையெல்லாம் தூசி. தடிமனான பழைய பதிவேட்டைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு எனக்கு முன்னால் நின்றவரிடம் சொன்னாய்: "போன வாரம் நீங்க கேட்டது கிடைச்சுடுச்சுங்க. காக்க வச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க."

கண்ணாடியை வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டு நழுவினேன்.

"ஏன் உள்ள வரல?" என்று சாயங்காலம் கேட்டாய். "கம்பெனியில அவசர வேலை" என்றேன்.

பொய். வயிற்றுவலி என்று கம்பெனிக்கு லீவு சொல்லியிருந்தேன். நேற்று உன் ஆபீசில் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு நின்றவன் நான் ஒருத்தன்தான்.

இப்படிக்கு,
உன் பைக்கு ஊக்கு மாட்டியவன்