சேமக்காலையில் உனக்கொரு இடம்

இன்று காலை பாஸ்டர் வந்து உங்கள் சபையின் புதுக் கலண்டரைத் தந்தார். நீ போன பிறகும் எனக்கொன்று கொண்டுவர அவர் மறப்பதில்லை. குசினிச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டேன். நீ இருந்தால் இதற்கே ஒரு பாட்டம் சண்டை பிடித்திருப்பாய். கலண்டரில் உலகப் படம். சபை இருக்கும் நாடுகளிலெல்லாம் சிவப்புப் புள்ளி. இலங்கைக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள், அதுவும் கொழும்புப் பக்கமாக.

அந்தக் கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! கடலுக்கு அப்பால் ஏதோ ஓர் ஊரில், ஆலைத் தெருவின் வாடகை அறையொன்றில், நாலைந்து கூலிக்காரர் கூடி அழுது ஜெபித்தார்களாம். அங்கிருந்து கப்பலேறியவர்கள் போன இடமெல்லாம் ஒரு கொட்டில் போட்டார்களாம். ஆபிரிக்கா, பிரேசில், கொரியா என்று வளர்ந்து, கொழும்புக்கு வந்து, கடைசியில் எங்கள் கடற்கரைத் தகரக் கொட்டில் வரைக்கும் வந்துவிட்டது.

"உங்கட ஆக்கள் போத்துக்கீசரோட வந்தவை. எங்கட ஆக்கள் வெறுங்கையோட வந்தவை" என்பாய்.

"வெறுங்கையோட வந்தோ மைக்செற் பூட்டினவை?" என்று நான் கேட்பேன். உனக்குச் சிரிப்பு அடங்காது.

ஆனால் நீ அங்கே போனது இந்தக் கதைக்காக அல்ல. எங்கள் பிள்ளை காய்ச்சலில் போனபோது, வந்தவர்கள் எல்லோரும் "ஆண்டவற்ற சித்தம்" என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். சபைக்காரப் பெண் ஒருத்தி மட்டும் உன் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து, உன்னை விடப் பெரிதாக அழுதாள். அடுத்த ஞாயிறு நீ அவளோடு போனாய். எனக்குக் கோபம்தான். அதற்குப் பிறகு மடு மாதா திருவிழாவுக்கு நான் தனியத்தான் போனேன். வழிச்சாப்பாட்டுக்குப் புட்டும் மீன் பொரியலும் மட்டும் ஒரு வருடமும் தவறாமல் கட்டித் தந்தாய்.

நோய் முற்றியபோது உனக்கு இருந்தது ஒரே பயம். அது சாவைப் பற்றியதல்ல.

"இஞ்சாருங்கோ, என்னை எங்க அடக்கம் பண்ணுவியள்? பிள்ளை சேமக்காலையில கிடக்குது. என்னை அங்க விடுவினமோ?"

உலகமெல்லாம் பரந்த சபைக்கு எங்கள் ஊரில் ஆறடி மண் இருக்கவில்லை. சேமக்காலையோ கோவிலின் கல்லறை நிலம், பங்கு மக்களுக்கு உரியது. அதுவும் நிரம்பிவிட்டது, முன்பே ஒதுக்கிய இடங்கள் மட்டும்தான் மிச்சம். பிள்ளைக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒன்று இருந்தது. பங்குச் சுவாமியிடம் போனேன்.

"அவ கோவிலை விட்டுப் போய்க் கனகாலமெல்லோ?" என்றார்.

"ஓம் சுவாமி. ஆனா பிள்ளையை விட்டுப் போகேல்லை. என்ர இடத்தை அவவுக்குக் குடுங்கோ."

"அப்ப உங்களை எங்க வைக்கிறது?"

"அதைப் பிறகு பாப்பம்."

சுவாமி சேமக்காலைக் கொப்பியை எடுத்து, என் பெயரை வெட்டி உன் பெயரை எழுதினார். பிறகு, "பயப்பட வேண்டாமெண்டு அவவிட்டச் சொல்லுங்கோ" என்றார்.

வந்து சொன்னேன். "அப்ப நீங்கள்?" என்று கேட்டாய். நான் உன் போர்வையை இழுத்துவிட்டேன். உன் மேல் எனக்கு எவ்வளவு விருப்பம் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். எங்கள் ஆட்களுக்கு அதெல்லாம் வாயில் வராது. அன்றைக்குத்தான் நீ நிம்மதியாக நித்திரை கொண்டாய்.

உன் அடக்கத்தில் பாஸ்டர் உரத்து ஜெபித்தார். சுவாமியும் வந்து நின்றார். பிள்ளைக்குப் பக்கத்திலேயே உன்னை வைத்தோம்.

இன்று போகும்போது பாஸ்டர் ஒரு செய்தி சொன்னார். எங்கள் தீவை விட்டுப் பாலம் கடந்தால் வரும் அடம்பன் பக்கம் சபை அடக்கத்துக்கென்று ஒரு துண்டுக் காணி வாங்கியிருக்கிறதாம்.

"அண்ணை, உங்களுக்கும் அங்க இடம் இருக்குது. கோவிலை விட்டு வரச்சொல்லிக் கேக்கேல்லை."

"ஓம்" என்றுவிட்டேன்.

ஆகவே, செத்த எல்லோரையும் ஆண்டவர் எழுப்புகிற அந்த நாளில் நீ என் ஆட்களுக்கு நடுவில் கண் விழிப்பாய். நான் உன் ஆட்களுக்கு நடுவில். அவர்கள் எழும்பின கையோடு பாட்டைத் தொடங்கிவிடுவார்கள், எனக்கு ஒரு வரியும் தெரியாது. பதறாதே. பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அங்கேயே நில். நான் பாலம் கடந்து வந்துவிடுகிறேன்.